அடிக்கடி கோல் எடுக்கும் பொஸ்: வீட்டிலிருந்து விற்பனை செய்யப் புதிதாக வந்தவர்களுக்கு

காலை 9.05க்கு "எங்க நிக்கிறீங்க?" என்று ஒரு மெசேஜ். 10.40க்கு ஒரு கோல்: "அந்தப் புறக்கோட்டைக் கடை என்ன சொல்லுது?" பகல் சாப்பாட்டில் கை வைக்கும்போது இன்னொரு கோல். பின்னேரம் நான்கு மணிக்கு, எல்லாரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரைப் போட்டு ஒரு கேள்விக்குறி. கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையில் லப்டொப்பும் போனுமாக விற்பனை வேலை தொடங்கிய பலருக்கு முதல் மாதம் இப்படித்தான் போகிறது.

"என்னை நம்பவில்லை" என்ற எண்ணம் வரும். அது மனதை அரிக்கும். கடைக்காரரோடு பேசும்போது குரலிலும் தெரிந்துவிடும். தயங்குகிற குரலுக்கு யாரும் ஓடர் கொடுப்பதில்லை. அதனால் இதைச் சகித்துக்கொண்டே போகக்கூடாது, சரி செய்ய வேண்டும்.

நான் விற்பனையாளராக இருந்திருக்கிறேன். பிறகு, வீட்டிலிருந்து வேலை செய்யும் விற்பனையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிறகு சொல்கிறேன்: பொஸ் கேட்பதற்கு முன்பே அவருக்கு வேண்டியது அவர் கையில் இருந்தால், கோல்களில் பெரும்பகுதி தானாகவே நின்றுவிடும். மிச்சத்தைப் பேசித் தீர்க்கலாம். இந்த வரிசை முக்கியம். தகவல் கொடுத்துப் பழக்காமல், முதல் நாளே "சேர், அடிக்கடி கோல் எடுக்காதீங்க" என்று கேட்டால், சந்தேகம் இல்லாதவருக்கும் சந்தேகம் வரும்.

முதலில் ஒரு கிழமை குறித்து வையுங்கள்

ஒரு சிறிய கொப்பி போதும். கோல் அல்லது மெசேஜ் வந்த நேரம், அவர் கேட்டது என்ன, நீங்கள் சொன்ன பதில் என்ன. இந்த மூன்றையும் ஐந்து வேலை நாட்களுக்கு எழுதுங்கள். எரிச்சலை எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

கிழமை முடிவில் பார்த்தால் கேள்விகள் தாமாகவே பிரிந்து நிற்கும். சில கேள்விகள் எண்ணைப் பற்றியவை: இந்த மாதம் எவ்வளவு வரும், எத்தனை ஓடர் உறுதி. சில, ஒரு குறிப்பிட்ட கடையைப் பற்றியவை. இன்னும் சில "எங்க இருக்கிறீங்க, என்ன செய்றீங்க" வகை. முதல் இரண்டும் கூடுதலாக இருந்தால் உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கேட்கிறார், அவ்வளவுதான். திங்கள் காலை பத்து மணிக்கு முன் கேள்விகள் குவிகின்றனவா? அன்று அவருக்கு இயக்குநரோடு கூட்டம் இருக்கலாம். 25ஆம் திகதிக்குப் பிறகு கோல்கள் இரட்டிப்பாகின்றனவா? மாத இலக்கு அவர் தலையிலும் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் கூட என்றால், நீங்கள் அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் இருப்பவர் போனில் கதைப்பதை அவர் பார்க்கிறார். உங்களைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிவது, வட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பது மட்டுமே. புதிதாகச் சேர்ந்தவருக்கு, அதுவும் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு, இது கட்டாயம் நடக்கும். இதில் மனம் உடைய ஒன்றும் இல்லை.

அடுத்து, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அவரது முதல் கேள்வி வழக்கமாக 9.05க்கு வருகிறதா? உங்கள் மெசேஜ் 8.45க்குப் போகட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே அமைப்பு.

உதாரணத்துக்கு, கடைகளுக்குப் பைகளும் பில் ரோல்களும் விற்கும் ஒரு கம்பனி என்று வைத்துக்கொள்வோம். காலை மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"குட் மோர்னிங் சேர். இன்று:
கெய்சர் வீதி துணிக்கடை – விலைப்பட்டியல் நேற்று அனுப்பினேன், 11 மணிக்குக் கோல்.
மருதானை ஹாட்வெயார் – ஓடர் உறுதி.
தெஹிவளை பேக்கரி – செக் இன்று தருவதாகச் சொன்னார், 2.30க்கு நேரில் போகிறேன்.
12.30க்குப் பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் புதுக் கடைகளுக்குக் கோல்.
உங்களிடம் வேண்டியது: மருதானைக்கு டிலிவரி திகதி."

பின்னேரம் 5.15க்கு:

"சேர், இன்றைய நிலை:
கெய்சர் வீதி – விலை கூட என்கிறார், 5% கழிவு கேட்கிறார், வியாழன் முடிவு சொல்வார்.
மருதானை – நாளை டிலிவரி, பில் போட்டாயிற்று.
தெஹிவளை – செக் கிடைத்தது, 30ஆம் திகதி போட்டது, படம் கீழே.
கொட்டாஞ்சேனை – இரண்டு கடை மாதிரி கேட்டது, நாளை அனுப்புகிறேன்."

இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கவனியுங்கள். ஒவ்வொரு வரியிலும் கடை இருக்கிறது, நிலை இருக்கிறது, அடுத்து எப்போது என்பது இருக்கிறது. "40 கோல் எடுத்தேன்" என்பது இல்லை. கோல் எண்ணிக்கையை நீங்களாகவே சொல்லத் தொடங்கினால், நாளை 35 ஆகும்போது ஐந்து எங்கே என்று கேட்பார், அதில் நியாயமும் இருக்கும். கம்பனியே எண்ணிக்கை கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால், காசும் திகதியும்தான் அவருக்கு வேண்டிய தகவல்.

"உங்களிடம் வேண்டியது" என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர் உங்களைக் கேட்பது மட்டும் நடந்துகொண்டிருந்த இடத்தில், நீங்களும் அவரிடம் வேலை வாங்கத் தொடங்குகிறீர்கள். டிலிவரி திகதியோ கழிவுக்கான அனுமதியோ எதுவானாலும் சரி. அவர் அதைச் செய்து முடிக்கும்போது உங்கள் விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு வருகிறது. பங்கு இருக்கும் மனிதர் காவல் காப்பது குறைவு.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் உங்கள் பொஸ் சிங்களவராக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, சிங்களம் இன்னும் ஓடாத ஒருவர், போனில் சொல் தேடித் தடுமாறுவதை "இவர் எதையோ மறைக்கிறார்" என்று மறுபக்கம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எளிய ஆங்கிலத்தில் இதே ஐந்து வரியை எழுதி அனுப்புங்கள். கோல் வந்தாலும் அந்த வரிகளையே பார்த்துப் பதில் சொல்லலாம். சிங்களம் படிப்பதை இதற்காக நிறுத்திவிட வேண்டாம். புறக்கோட்டையில் அது சோறு போடும் மொழி.

ஒரு ஷீட், இருவரும் பார்க்கும்படி

கம்பனியில் வாடிக்கையாளர் விபரம் பதியும் மென்பொருள் இருந்தால், அன்றைய வேலையை அன்றே அதில் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரு கூகுள் ஷீட் திறந்து, பார்க்கும் அனுமதியை அவருக்குக் கொடுங்கள். கடையின் பெயர், யாரோடு பேசினீர்கள், கடைசியாக என்ன நடந்தது, அடுத்த திகதி, எதிர்பார்க்கும் தொகை, வசூலிக்க வேண்டிய பாக்கி. இதற்கு மேல் நிரல் போட்டால் நீங்களே நிரப்ப மாட்டீர்கள். அவர் திறந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. கோல் வரும்போது "சேர், ஷீட்டில மூன்றாவது வரி" என்று சொல்ல முடிவதே அவருக்கு ஒரு நிம்மதி.

கோல் வரும் நேரத்தில் என்ன செய்வது

கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பொஸ் அழைத்தால், பேச்சை நிறுத்தி எடுக்காதீர்கள். ஆனால் அப்படியே அடிக்கவும் விடாதீர்கள். அழைப்பைத் துண்டித்துக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உங்கள் போனிலேயே இருக்கும். அதில் ஒரு வரியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "கஸ்டமரோடு கதைக்கிறேன், 20 நிமிடத்தில் எடுக்கிறேன்." சொன்னபடி இருபது நிமிடத்தில் எடுங்கள். அவர் மறந்திருந்தாலும் எடுங்கள். பத்து முறை இப்படி நடந்த பிறகு, துண்டித்தால் நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குப் பழகிவிடும்.

வட்ஸ்அப்பில் மெசேஜைப் பார்த்ததைக் காட்டும் நீலச் சரியை நிறுத்துவது, கடைசியாக வந்த நேரத்தை மறைப்பது என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். நேற்றுவரை தெரிந்தது இன்று மறைந்தால், அவர் மனதில் வரும் முதல் கேள்வி என்ன என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, நீலச் சரியை நிறுத்தினால் கடைக்காரர் உங்கள் விலைப்பட்டியலைப் பார்த்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். விற்பனையாளருக்கு அது பெரிய நட்டம். குழுக்களில் நீலச் சரியை நிறுத்தவும் முடியாது.

கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள்

நம்பிக்கை உண்மையில் இங்கேதான் உருவாகிறது. கொழும்பு மொத்த வியாபாரத்தில் பாதிக் கவலை கடன் பற்றியது. சாமானை இன்று எடுத்து, பின்திகதியிட்ட செக்கைக் கொடுப்பது இங்கே வழக்கம். ஓடர் எடுத்தவர் என்று கைதட்டு வாங்கியவர், அந்தச் செக் திரும்பி வரும்போது போனை எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத்தான் பொஸ்மார் நெடுநாள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். செக் திரும்பியதை விட அதை மூன்று நாள் கழித்துக் கணக்குப் பிரிவின் வாயால் கேட்டதுதான் அவர்களுக்குக் கோபம்.

அதனால் தெரிந்த அந்த மணித்தியாலத்துக்குள் சொல்லுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு, கடைக்காரர் என்ன சொல்கிறார், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள். நான்கு வரி. "சேர், நான்காம் குறுக்குத் தெருக் கடையின் 85,000 ரூபா செக் திரும்பிவிட்டது. முதலாளியோடு கதைத்தேன், வெள்ளிக்குள் பாதியைக் காசாகத் தருகிறேன் என்கிறார். அதுவரை புது ஓடரை நிறுத்தி வைக்கட்டுமா?" இப்படி ஒரு மெசேஜ் வந்தால் ஒரு மேலாளருக்கு எப்படி இருக்கும் தெரியுமா? இந்தப் பிள்ளை மறைக்காது என்று அன்றே முடிவெடுத்துவிடுவார். நான் அப்படி முடிவெடுத்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களுக்கு நான் தேவையில்லாமல் அழைத்ததில்லை.

ஓடர் கைநழுவினாலும் இதே முறைதான். "பார்க்கிறேன் என்றார்" என்று வாரக்கணக்கில் இழுக்காமல், "வேறிடத்தில் வாங்கிவிட்டார், காரணம் விலை" என்று எழுதிவிடுங்கள்.

கொழும்பின் நேரத்தை அவருக்குப் புரிய வையுங்கள்

பொஸ் டுபாயிலோ லண்டனிலோ இருந்தால் இந்தப் பகுதி மிகவும் தேவைப்படும். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நான்கரை மணித்தியாலம் பின்னால். லண்டனில் பின்னேரம் மூன்று மணி என்றால் உங்களுக்கு இரவு. அவர் வேண்டுமென்று உங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கெடுப்பதில்லை, கணக்குப் பார்க்காமல் அழுத்துகிறார். உங்கள் வேலை நேரத்தை இரு நாட்டு மணியிலும் எழுதி ஒருமுறை அனுப்பி வையுங்கள்.

மாதம் ஒரு போயா விடுமுறை. அது அவரது நாட்காட்டியில் இருக்காது, ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பகலில் ஜும்மாவுக்குக் கடை சாத்தும் முஸ்லிம் வியாபாரிகளை அந்த நேரத்தில் பிடிக்க முடியாது. "12.30க்கு ஏன் ஒரு கோலும் இல்லை" என்று கேட்பவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. காலையில் லொறி வந்து நாட்டாமிமார் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் கடையில் முதலாளிக்குப் போன் காதில் வைக்கவே நேரம் இருக்காது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும், ரமழானிலும், தீபாவளி, நத்தார் காலங்களிலும் கடைகளின் ஓட்டமே வேறு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் அது தகவல். கேட்ட பிறகு சொன்னால் சாட்டு.

கரண்டும் அப்படித்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. இன்றைக்கும் திடீரென்று கரண்ட் போனால் ரௌட்டர் நின்றுவிடும், பொஸ்ஸின் திரையில் நீங்கள் காணாமல் போவீர்கள். ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன பட்டரி ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டு இணைப்பு ஒரு கம்பனி என்றால் போன் டேட்டா வேறு கம்பனியாக இருக்கட்டும். இரண்டும் போனால் சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று: "கரண்ட் இல்லை, போனில் வேலை நடக்கிறது."

இப்போது பேசலாம்

இரண்டு மூன்று கிழமை இந்த மெசேஜ்கள் தவறாமல் போன பிறகு பேசுங்கள். மாதக் கடைசியில் வேண்டாம். குழுவில் வேண்டவே வேண்டாம். நல்ல ஓடர் ஒன்று முடிந்த மறுநாள் நல்ல நேரம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"சேர், ஒரு பத்து நிமிஷம் கதைக்கலாமா? காலையும் பின்னேரமும் நான் அனுப்புற மெசேஜ் உங்களுக்குப் போதுமா? வேற ஏதும் சேர்க்கணுமா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா செக் விஷயம் எனக்கு உடனே தெரியணும்."

"சரி சேர், செக் கையில கிடைச்ச உடனே படம் எடுத்து அனுப்புறேன். நானும் ஒண்ணு கேட்கலாமா? பத்துல இருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் கடைக்காரங்க போனுக்கு வாற நேரம். அந்த நேரம் நம்ம கோல் வந்தா அவங்களோட கதை பாதியில நிக்குது. ரெண்டு கிழமைக்கு அந்த நேரத்தை மட்டும் விட்டுத் தாங்க, 12.15க்கு நானே உங்களுக்கு எடுக்கிறேன். அவசரம்னா 'அவசரம்'னு ஒரு மெசேஜ் போடுங்க, உடனே எடுப்பேன். சரிவராட்டி பழையபடி செய்வோம்."

முதலில் அவர் தேவையைக் கேட்டு, அவர் சொன்னதைச் செய்வதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் கோரிக்கை வருகிறது. அதுவும் இரண்டு கிழமைச் சோதனையாக, விற்பனைக்கு நல்லது என்ற காரணத்தோடு. "எனக்கு அழுத்தமாக இருக்கிறது" என்பதும் உண்மைதான். ஆனால் அதை முதல் பேச்சிலேயே சொன்னால் பலர் ஆறுதல் சொல்லிவிட்டு மறுநாள் வழக்கம்போல் அழைப்பார்கள். 12.15 கோலை ஒரு நாள் கூடத் தவற விடாதீர்கள். அதைத் தவற விட்டால் இந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

பொஸ் ஒரு பெண் என்றால் மிஸ் அல்லது மேடம் என்று அழைப்பீர்கள், மற்றது எல்லாம் ஒன்றுதான். குடும்பக் கடையாக வளர்ந்த கம்பனியில் முதலாளியே நேரடியாக அழைப்பார். அங்கே இப்படி நேர ஒழுங்கு பேசுவதைவிட, தினமும் பின்னேரம் ஐந்து நிமிடம் நீங்களாகவே அழைத்துக் கணக்குச் சொல்வது நன்றாக வேலை செய்யும். எழுத்தைவிடக் குரலை நம்புகிற ஆட்கள் அவர்கள்.

எல்லை எங்கே

மேலே சொன்னதெல்லாம், வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கிற பொஸ்ஸுக்கு. எல்லாரும் அப்படி இல்லை. இரவு பத்து மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பதில் கேட்பது, குழுவில் ஆளைக் கேவலப்படுத்துவது, வீட்டில் இருப்பதை நிரூபிக்கக் கமராவை நாள் முழுக்கத் திறந்து வைக்கச் சொல்வது ஆகியவற்றை மெசேஜால் தீர்க்க முடியாது.

சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், சாப்பாட்டு இடைவேளை சேராமல். இந்தப் பாதுகாப்பு ஊழியருக்குத்தான். எனவே சேரும்போதே நியமனக் கடிதத்தை வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8% வெட்டி, கம்பனி 12% போடுகிறதா, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3% போடுகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் வெறும் கொமிஷனுக்கு வேலை என்றால், நீங்கள் ஊழியரா முகவரா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முகவரை மணிக்கு மணி எங்கே என்று கேட்பது எப்படி நியாயம்?

இருப்பிடம் கேட்பதும் இப்போது கூடியிருக்கிறது. வட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று பகிரலாம். கடைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பகிர்வதில் தப்பில்லை. ஆனால் சொந்தப் போனில் இருபத்து நான்கு மணிநேரமும் ஓடும் கண்காணிப்புச் செயலியைப் போடச் சொன்னால் நின்று கேளுங்கள்: எதற்காக, எந்த நேரத்துக்கு, யார் பார்ப்பார்கள்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, ஒருவரின் தகவலைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பதுதான். வேலைக்கென்று தனிப் போன் கேட்பது நல்ல நடுவழி. வேலை முடிந்ததும் அணைத்து வைக்கலாம்.

அவமதிப்பு நடந்தால் திகதியும் நேரமும் எழுதி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். முதலில் மனிதவளப் பிரிவு. அங்கே பலன் இல்லை, சம்பளத்திலும் நிதியிலும் கைவைக்கிறார்கள் என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முதல் கிழமையில் தொடங்கிய அந்தக் கொப்பி அப்போதும் உதவும்.

கோல்கள் குறைந்த பிறகு

பலர் இங்கே சறுக்குகிறார்கள். பொஸ் அழைப்பது குறைந்ததும் பின்னேர மெசேஜை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிழமைக்குள் கோல் திரும்ப வந்துவிடும். மூன்று மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். பிறகு அவரிடமே கேளுங்கள்: "சேர், காலை மெசேஜை விட்டுட்டு பின்னேரம் மட்டும் அனுப்பட்டுமா?" அவர் சம்மதித்தால் குறையுங்கள். பொஸ் மாறினால் மறுபடி காலையும் பின்னேரமும் தொடங்க வேண்டும். புதியவருக்கு முதல் நாளே ஷீட்டையும் நேற்றைய மெசேஜையும் அனுப்பி விடுங்கள்.

எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் வேறு இடம் தேடுவதில் வெட்கம் இல்லை. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் கேளுங்கள்: "வீட்டிலிருந்து வேலை செய்யும் விற்பனையாளர் ஒரு நாளில் எத்தனை முறை, எந்த வழியில் தகவல் தர வேண்டும்?" "இப்போது அப்படி வேலை செய்யும் ஒருவரோடு நான் கதைக்கலாமா?" இரண்டாவது கேள்விக்கு அவர்கள் தயங்கினால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் இன்னொரு இடத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.